போட்டிப் பருவம் முடிந்தபின் லூஜ் வீரரின் பணிகள்

பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சுத் தொடக்கத்திலோ லூஜ் எனப்படும் பனிச்சறுக்கு வண்டிப் போட்டிகள் முடிவுறுகின்றன. போட்டிப் பாதையின் கான்கிரீட்டுக்குள் பதிக்கப்பெற்ற குழாய்களில் குளிர்த்திரவம் ஓடுவது நிறுத்தப்படுகின்றது. சில நாட்களில் பனிக்கட்டி நீராக வடிந்துபோக, வெறுங் கான்கிரீட்டு வாய்க்கால் ஒன்றே எஞ்சி நிற்கின்றது. இலையுதிர் காலத்தில் அது மீண்டும் உறைவிக்கப்படும் வரையுள்ள ஏழெட்டு மாதங்களில் வீரர் என் செய்கின்றார்? ஓய்வு கொள்கின்றார் என்று கருதுவது இயல்பே. ஆயினும் அடுத்த பருவத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இம்மாதங்களிலேயே உருவாகின்றன. இதன் காரணத்தையும், பனிப்பாதை ஒன்றேனும் இல்லாத நம் நாட்டில் ஒருவர் இக்காலத்தைப் பயன்படுத்திய முறையையும் இங்கு ஆராய்வோம்.

லூஜ் என்பது பிரெஞ்சு மொழியில் சிறிய சறுக்குவண்டியைக் குறிக்கும் சொல். தமிழில் இதற்கு நிலைத்த பெயர் ஏற்படாமையால் அச்சொல்லையே ஆளுகின்றோம். வீரர் வண்டியின்மேல் மல்லாந்து படுத்து, கால்கள் முன்னே செல்ல, ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்த பாதையில் இறங்குகின்றார். வண்டிக்குப் பிரேக் கிடையாது. கெண்டைக்கால்களால் வண்டியின் முன்வளைவுகளை அழுத்தியும், தோள்களால் எடையைச் சிறிதே மாற்றியும் திசை திருப்புகின்றார். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரையும் கடப்பதுண்டு. 1964-ஆம் ஆண்டு இன்ஸ்புருக்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது.

இதில் காலம் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கப்படுகின்றது. 1998-ஆம் ஆண்டு நாகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் போட்டியில், நான்கு ஓட்டங்களின் கூட்டுக் காலத்தில், முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.002 வினாடி மட்டுமே. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்நேரத்தில் கடக்கும் தூரம் 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு சாண் அளவுகூட இல்லை.

இத்துணை நுண்ணிய வேறுபாடு எங்கே தோன்றுகின்றது? பெரும்பாலும் தொடக்கத்திலேதான். பாதையின் தலைப்பில் இருபுறமும் பதிக்கப்பெற்ற கைப்பிடிகளைப் பற்றி வீரர் முன்னும் பின்னும் அசைந்து, முழு வலிமையுடன் தம்மை முன்னோக்கி இழுத்துவிடுகின்றார். பின்னர், முட்கள் பொருத்திய கையுறைகளால் பனிக்கட்டியைச் சில தடவை வாரித் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்கின்றார். அவருடைய தசைவலிமை வண்டிக்கு வேகந்தரும் இடம் இதுவொன்றே. அதன்பின் அவரை இழுப்பது பூமி. தொடக்கத்தில் அதிக வேகத்துடன் புறப்பட்டவர் பாதையின் ஒவ்வொரு பகுதியையும் குறைந்த நேரத்தில் கடப்பதால், அவர் பெற்ற சிறு முன்னிலை இறங்க இறங்க வளர்கின்றது. எனவேதான் கோடைக்காலம் முழுவதும் முதுகு, தோள், முன்கை, விரல் ஆகியவற்றின் வலிமைக்கே செலவிடப்படுகின்றது. அமெரிக்காவின் லேக் பிளாசிட் போன்ற இடங்களில் கட்டடத்துக்குள் உறைவிக்கப்பெற்ற தொடக்கச் சரிவுகள் உண்டு. அத்தகைய வசதியில்லாத வீரர் பளு தூக்கியும் கயிறு இழுத்தும் பயில்வதோடு அமைய வேண்டியதுதான்.

வண்டியைச் செப்பனிடுவதும் இக்காலத்துப் பணியே. வண்டியின் இரு கால்களுக்கும் அடியிலுள்ள எஃகுப் பட்டைகளில் ஏற்பட்ட கீறல்களை முதலில் முரட்டு உப்புத்தாளாலும், பிறகு படிப்படியாக மென்மையான தாள்களாலும், இறுதியில் வைரத்தூள் கலந்த பசையாலும் தேய்த்து மெருகேற்றுகின்றனர். பொறுமையைச் சோதிக்கும் வேலை. எஃகு சூடாயிருப்பின் பனிக்கட்டியின் மேற்பரப்பு எளிதில் இளகி உராய்வு குறையும் என்பதால், பட்டையின் வெப்பநிலைக்கு விதி வகுத்துள்ளனர். நிழலில் தொங்கவிடப்படும் அளவை எஃகைவிட 5 பாகை செல்சியசுக்கு மேல் அது மிகுதல் கூடாது. 1968-ஆம் ஆண்டு கிரெனோபில் ஒலிம்பிக்கில் பட்டைகளைச் சூடாக்கியதாகக் கிழக்கு ஜெர்மானிய வீராங்கனைகள் மூவர் போட்டியினின்று நீக்கப்பட்டனர். உராய்வு பற்றிய பாடத்துக்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது.

உடலும் செப்பனிடப்பட வேண்டியதே. வளைவுகளில் உடலின் எடை நாலைந்து மடங்காகப் பெருகியதுபோல் அழுத்த, அந்நிலையிலும் தலையைச் சிறிதே உயர்த்திப் பாதையைப் பார்க்க வேண்டியிருப்பதால், கழுத்துத் தசைகள் பெரிதும் களைப்புறுகின்றன. பனிப்பாதை விளையாட்டுகளில் தலைக்கு ஏற்படும் இடைவிடாத அதிர்வு மூளையைப் பாதிக்கக்கூடும் என்பது குறித்து அண்மைக் காலத்தில் மருத்துவர்கள் கவனஞ் செலுத்தி வருகின்றனர். 2010 பிப்ரவரி 12 அன்று வான்கூவர் ஒலிம்பிக்கின் பயிற்சி ஓட்டத்தில் ஜார்ஜிய நாட்டு வீரர் நோதார் குமாரிதாஷ்விலி பாதையினின்று தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகிலுள்ள வசிஷ்ட் என்னும் ஊரில் வளர்ந்த சிவ கேசவன், 1998-ஆம் ஆண்டு நாகானோவில், தம் 16-ஆம் வயதில், லூஜ் போட்டியில் இந்தியாவின் சார்பாகக் கலந்துகொண்டார். இந்தியாவில் அன்றும் செயற்கைப் பனிப்பாதை இல்லை, இன்றும் இல்லை. போட்டிப் பருவத்தில் வெளிநாடு சென்று சில வாரங்கள் பயில்வார். பருவம் முடிந்து ஊர் திரும்பியதும் எஃகுப் பட்டைகளுக்குப் பதிலாகச் சக்கரங்கள் பொருத்திய வண்டியில் படுத்து இமயமலையின் தார்ச்சாலைகளில் இறங்குவார். எதிரே லாரிகள் வரும். ஆட்டு மந்தைகள் குறுக்கிடும். காலணியின் அடிப்பாகத்தைத் தரையில் தேய்த்தே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இப்பயிற்சி எதைக் கற்பிக்கும், எதைக் கற்பியாது என்பது விஞ்ஞான முறையில் ஆராயத்தக்கது. நல்ல பேரிங் பொருத்திய சக்கரம் சாலையில் உருள்வதற்குள்ள தடையும், எஃகு பனிக்கட்டியில் சறுக்குவதற்குள்ள தடையும் எடையின் நூற்றில் ஓரிரு பங்கு அளவினவே. ஆதலின் சரிவில் வேகம் பெருகும் முறை இரண்டிலும் ஒத்திருக்கும். படுத்த நிலையில் உடலைத் தளர்த்தி வைத்தல், காற்றுத் தடையைக் குறைத்தல், அச்சத்தை அடக்குதல் ஆகியன சாலையிலும் கைவரும். ஆனால் பனிப்பாதையின் உயர்ந்த வளைசுவர் சாலையில் இல்லை. வளைவில் எப்பொழுது ஏறி எப்பொழுது இறங்குவது என்னும் நுட்பத்தைச் சக்கரம் கற்பிக்க இயலாது. போட்டியாளர் பலர் சிறுவயது முதல் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான முறை பயிலும் அந்நுட்பத்திற்கு ஈடாக இவர் கொண்டுசென்றது கோடைக்காலத்து உடல்வலிமையையும் துணிவையுமே. 2014-இல் சோச்சியில் ஒரு பயிற்சி ஓட்டத்தின்போது வண்டியினின்று நழுவி விழுந்த இவர், அது ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே அதன்மேல் மீண்டும் ஏறிப் படுத்தார்.

100 மீட்டர் உயரத்தினின்று தடையேதுமின்றி இறங்கும் பொருள் மணிக்கு ஏறக்குறைய 159 கிலோமீட்டர் வேகம் பெறும் என்பது கணக்கு. உண்மை வேகம் அதனினும் குறைவதற்கு உராய்வும் காற்றுத் தடையும் காரணமென்பதை மாணவரைக் கொண்டே வருவிக்கலாம். பெங்களூர்–ஓசூர் நெடுஞ்சாலையில் மாநில எல்லையிலுள்ள அத்திபெலே போன்ற ஊர்களில் லாரிப் பட்டறைகள் கழித்த பேரிங்குகள் கிடைக்கும். அவற்றைப் பலகையில் பொருத்திப் பேரிங் வண்டி செய்யச் சிறுவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! அதனை நெடுஞ்சாலைப் பக்கம் கொண்டு செல்லாதவாறு தடுத்து, பள்ளி மைதானத்தில் 5 மீட்டர் நீளமும் ஒருமுனையில் 44 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சரிவில், ஆளுக்குப் பதிலாகச் செங்கற்களை ஏற்றி உருட்டச் செய்க. ஒருமுறை சும்மா விடுக. மறுமுறை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் பெறுமாறு தள்ளி விடுக. முதல் மீட்டரைக் கடக்கையில் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.9 வினாடியாயிருக்கும். ஐந்தாம் மீட்டரில் அது 1.1 வினாடியாக வளர்ந்திருக்கும். கைப்பேசியிலுள்ள நிறுத்துகடிகாரமே இதற்குப் போதும்.

கோடையில் சிவ கேசவன் செய்ய வேண்டியிருந்த மற்றொரு பணியும் உண்டு. அது பணம் தேடுதல். வண்டி, பயணம், பயிற்சியாளர் ஊதியம் ஆகியவற்றுக்கு ஆதரவாளர்களையும் பொதுமக்களின் நன்கொடையையும் நாடவேண்டியிருந்தது. உடற்பயிற்சிக்குரிய நாட்களை இது விழுங்கிற்று என்பதில் ஐயமில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தமையால் 2014-இல் ஒலிம்பிக் கொடியின் கீழே சறுக்க நேர்ந்தது. இடைநீக்கம் விலக்கப்பட்டபொழுது இவருடைய போட்டி முடிந்துவிட்டது. ஆறு ஒலிம்பிக்குகளில் இவர் பெற்ற மிகச் சிறந்த இடம் 2006-இல் டூரினில் பெற்ற 25-ஆம் இடம். ஆசியப் போட்டிகளில் 2011-இலும் 2012-இலும் நாகானோப் பாதையில் முதலிடம் பெற்றார். 2020-இல் அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

2018-ஆம் ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக்குடன் இவர் போட்டிகளினின்று விலகினார். செலவு மிகுதியால் நாகானோப் பாதையை உறைவிப்பதும் அவ்வாண்டுடன் நிறுத்தப்பட்டது.