பிள்ளைக் காவலுக்கும் ஒரு பாடு

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துத் தாய் ஒருவரின் கேள்வி இது: "எம் பையனுக்கு ஏழு வயசு. ஆட்டிசம்னு டாக்டர் சொன்னாரு. பேச்சு வரல. கொஞ்சம் கண்ணு அசந்தா தண்ணியப் பாத்து ஓடிடறான். அவரு வலைக்குப் போயிட்டா நான் மீன் விக்கப் போவணும். தூண்ல கயிறு கட்டி வச்சிட்டுத்தான் போறேன். மனசு கேக்கல. வேற வழி இருக்கா?"

அம்மா, அந்தக் கயிற்றுக்காக உங்களை நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் கட்டினீர்கள். ஆனால் வலிப்பு வந்தாலும், கொட்டகையில் தீப்பிடித்தாலும், பாம்பு நுழைந்தாலும் கட்டிய பிள்ளையால் நகர முடியாது. கயிறு போக வேண்டும். அது போவதற்கு முன் அதன் இடத்தில் வேறு காவல் வந்து நிற்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அவன் அடங்காமல் ஓடுகிறான் என்பதில்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கிறது. அதன் மினுக்கமும் அசைவும் அவர்களுக்கு அமைதி தருகின்றன. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 4 வயதைத் தாண்டிய ஆட்டிசம் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் ஒருமுறையாவது சொல்லாமல் வெளியேற முயன்றவர்கள் என்று தெரியவந்தது. அங்கே பெற்றோர் பயப்படுவது நீச்சல் குளத்துக்கும் சாலைக்கும். உங்களுக்கோ வாசலைத் தாண்டினால் ஏரி.

ஆகவே பிள்ளையைக் காணோம் என்றால் பக்கத்து வீடுகளில் தேடாதீர்கள். முதல் ஓட்டம் தண்ணீருக்கு. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமே இல்லாமல் போய்விடும். யார் படகுத்துறைக்கு ஓடுவது, யார் வாய்க்கால் பக்கம் ஓடுவது என்று இன்றைக்கே பேசி வையுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும், வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, குப்பத்தில் நாலு பேராவது இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி போடுங்கள். கதவைத் திறந்தால் ஒலிக்க ஒரு மணி கட்டுங்கள். வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். பையனாக இருந்தாலும் காலில் சலங்கைக் கொலுசு போடலாம், எந்தப் பக்கம் போகிறான் என்று காது சொல்லும். கழுத்தில் அட்டை மாட்டினால் பிய்த்து எறிவான். அரைஞாண் கயிற்றில் சின்னத் தகடு கோத்து, அவன் பெயர், குப்பத்தின் பெயர், இரண்டு கைபேசி எண்களைப் பொறித்துவிடுங்கள்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தாமாகவே நீந்தக் கற்றுக்கொள்ள, இவனை மட்டும் தண்ணீரில் விடாமல் வளர்க்கிறோம். நான் இதை ஏற்கவில்லை. இவனுக்கும் நீச்சல் பழக்குங்கள். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே சொற்கள். தினம் கால் மணி நேரம். மல்லாந்து மிதப்பது, திரும்பி வந்து படகு விளிம்பைப் பிடிப்பது, இந்த இரண்டும் வந்தால் போதும். சட்டை போட்டபடியும் பழக்குங்கள், தவறி விழும்போது சட்டையோடுதானே விழுவான். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் இறக்க வேண்டாம். நீச்சல் வந்துவிட்டது என்று காவலைக் குறைக்கவும் கூடாது. படகில் ஏற்றினால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை உங்கள் ஊரில் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தனையும் செய்தாலும் ஒரு தாயின் இரண்டு கண்கள் போதாது. இங்கேதான் உங்கள் ஊரின் பாடு முறையை நினைக்கிறேன். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில், எந்த நாள் யார் எந்த இடத்தில் இறால் வலை இறக்குவது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் முறை வைத்துப் பகிர்கிறார்கள். ஏரி ஒருவருக்குச் சொந்தமில்லை, ஒருவரே அள்ளவும் கூடாது என்பது அதன் நியாயம். பிள்ளைக் காவலும் அப்படி ஏன் முறைக்கு வரக் கூடாது? மகளிர் குழுவில் கேளுங்கள். நீங்கள் மீன் விற்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு ஏழு பெண்கள் ஆளுக்கொரு நாள் வந்தால் வாரம் நிறைகிறது. பதிலுக்கு அவர்கள் கூடையையும் சேர்த்து நீங்கள் விற்றுக் கொடுங்கள். காவலுக்கு வருபவர் அவனைச் சும்மா உட்கார வைக்காமல், மடவை ஒரு கூடை, இறால் ஒரு கூடை என்று பிரிக்கச் சொல்லலாம். கெளுத்தி முள்ளும் உயிர் நண்டும் மட்டும் அவன் கைக்குப் போகக் கூடாது.

அப்பா ஒரு நாள் விடியலில் இருக்கிறார், மறுநாள் இல்லை. இது அவனுக்குப் பெரிய குழப்பம். பாடு நாள் முன்கூட்டியே தெரியும் அல்லவா? காலண்டரில் அந்தக் கட்டத்தில் வலைப் படம் வரைந்து, தினமும் படுக்கும் முன் காட்டுங்கள். காவலுக்கு யார் வருவார்கள் என்பதற்கு அவர்கள் போட்டோவை ஒட்டுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளும் முன்னதாகவே அறிவிக்கப்படுகிறது. அந்த இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு அதையும் குறித்து, நேரம் நெருங்கும்போது காதைப் பொத்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலை அலுப்பானதுதான், ஆனாலும் தள்ளிப் போடாதீர்கள். முதலில் மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று கிடைத்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவன் உரிமை. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டுக்கே வரும் சிறப்பாசிரியரை வட்டார வள மையத்தில் கேளுங்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இவனுக்குப் பொருந்துமா என்பதைத் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் நிராமயா காப்பீடும் இருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பாடு இல்லாத நாளில் இருவரும் சேர்ந்தே போங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊர்க்கூட்டம் கூடி வலைப்பாடு பேசும்போது, இந்தப் பிள்ளையின் பெயரையும் எடுங்கள்.