புதுச் சைக்கிளின் முதல் முப்பது நாட்கள்

வியாபார நண்பர்களே, ஒரு புதுச் சைக்கிளை விற்றுப் பணத்தை லாச்சியில் போட்டவுடன் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது முடிவதில்லை. புதுச் சைக்கிளில் வரும் பழுதுகளில் அநேகமானவை முதல் மாதத்திலேயே தலைகாட்டிவிடும். அந்த நேரத்தில் கடைக்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் அவரது பெயர் தங்கியிருக்கிறது. இதனை நான் நட்டப்பட்டுத்தான் படித்துக்கொண்டேன்.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு, வேலைக்குப் போவதற்குச் சைக்கிள் தேடி ஆட்கள் வந்தார்கள். விலையும் ஏறியது. எமது கடையில் பெட்டி வந்த அன்றே பொருத்தி அன்றே விற்றோம். பொருத்தியதை மறுபடி பார்ப்பதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் நெல் ஆலையில் நாட்கூலிக்கு வேலை செய்யும் தம்பி. ஒன்பதாம் நாள் வந்தார். "முதலாளி, இடது பக்கம் மிதிக்கக்குள்ள டக் டக் என்று சத்தம் கேக்குது" என்றார். கடை நிறைய ஆட்கள். எனது பையன் ஸ்பனரால் ஓர் இறுக்கு இறுக்கி அனுப்பிவிட்டான். நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். "நீங்க ஓடின விதம் சரியில்ல தம்பி, புதுச் சாமானில பிழை வராது" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அடுத்த கிழமை கிராங்க் கழன்று நடுவீதியில் விழுந்தார். பின்னால் வாகனம் எதுவும் வராதது அல்லாஹ்வின் கிருபை. முழங்கையில் காயம். ஐந்து நாள் வேலை இல்லை, கூலியும் இல்லை.

அந்தக் கிராங்கைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அச்சின் முனை சதுரம், அதில் ஏறி உட்காரும் கிராங்கின் துளையும் சதுரம். அச்சு உருக்கு, கிராங்க் அலுமினியம். இந்த வகைக் கிராங்கின் போல்ட்டைச் சுமார் 35 முதல் 40 நியூட்டன் மீற்றர் பலத்தில் இறுக்க வேண்டும். ஓர் அடி நீளமான ஸ்பனரின் நுனியில் 12, 13 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, அவ்வளவு. அதைவிடத் தளர்வாக விட்டு ஓடினால் ஒவ்வொரு மிதிக்கும் உருக்கு முனை அலுமினியத் துளையை அரித்துப் பெரிதாக்கும். அதன் பின்னர் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிராங்கையே மாற்ற வேண்டும்.

ஆக, பிழை அவரது ஓட்டத்தில் அல்ல, எமது பொருத்தலில். ஒன்பதாம் நாளே கழற்றிப் பார்த்து மாற்றியிருந்தால் எனக்கு ஒரு கிராங்கின் விலை மட்டுமே செலவு.

பழுதுகள் நான்கு வகை

ஒன்று, ஓட ஓட வரும் தளர்வு. புதிய பிரேக் கேபிளின் வெளியுறை படியும்போது கேபிள் தளர்கிறது. பிரேக் பிடி ஹேண்டிலைத் தொடுமளவுக்கு உள்ளே வரும். புதுச் சில்லின் ஸ்போக்குகளும் தளர்ந்து ரிம் ஆடும். இது குறைபாடு அல்ல. ஒருமுறை சரிசெய்தால் போதும். விற்ற கடை இதனை இலவசமாகச் செய்து கொடுப்பதே அழகு.

இரண்டு, பொருத்தும்போது நேரும் பிழை. ஹேண்டில், முன்சில்லு, சீற், பெடல் என்பன பெரும்பாலும் கடையில்தான் பூட்டப்படுகின்றன. வலது பெடல் மணிக்கூடு சுற்றும் திசையில் இறுகும், இடது பெடல் அதற்கு எதிர்த்திசையில் இறுகும். இது தெரியாமல் பலவந்தமாகத் திருகினால் கிராங்கின் புரி கெட்டுவிடும். பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரில் உரசினால் டயர் வெட்டுப்படும். முன் போர்க் பின்பக்கமாகத் திரும்பியிருந்ததையும் நான் கண்டிருக்கிறேன். இவை அனைத்தும் கடைக்காரர் பொறுப்பு.

மூன்று, உற்பத்திக் குறை. ஒட்டில் வெடிப்பு, டயரின் பக்கத்தில் வீக்கம், எவ்வளவு எடுத்தும் நேராகாத ரிம். இதற்கு இறக்குமதியாளரிடம் நாம் கேட்க வேண்டும். வாங்கியவரை அங்கே அலையவிடக்கூடாது. பணத்தைக் கையில் வாங்கியவர் நாம்.

நான்கு, பாவித்தவரின் பிழை. குழியில் விழுந்து வளைந்த ரிம், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றி உடைந்த கரியர். இதற்குக் கூலி வாங்கலாம். ஆனால் காரணத்தைக் காட்டி விளக்கிய பிறகே வாங்க வேண்டும்.

முறைப்பாடு வந்தால்

முதலில் வாயைத் திறக்காமல் சைக்கிளைத் தொட்டுப் பாருங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசையுங்கள், ஹேண்டில் கழுத்து தளர்வென்றால் கையில் தெரியும். கிராங்குகளைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சில்லுகளைத் தூக்கிச் சுழற்றுங்கள். பிறகு நீங்களே ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

விற்கும்போதே பற்றுச்சீட்டில் சட்டக இலக்கத்தை எழுதுங்கள். அது பெரும்பாலும் கிராங்க் அச்சுக்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டு கிழமை கழித்து ஒருமுறை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே பழுது இரண்டாம் முறை வந்தால் மறுபடி இறுக்கி அனுப்பாதீர்கள், கழற்றிக் காரணத்தைத் தேடுங்கள்.

கடைக்கு, டெலிவரிக்குச் சைக்கிள் வாங்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்தம் கேட்டால் ஓட்டத்தை நிறுத்துங்கள். வேறு இடத்தில் கைவைக்க விடாமல், படம் எடுத்துக்கொண்டு, பற்றுச்சீட்டுடன் விற்றவரிடமே முதலில் போங்கள்.

சட்டமும் மார்க்கமும்

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி வாங்கியவர் முறையிடலாம். விசாரணையின் பின்னர் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிட முடியும். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் எமது கடமை.

சட்டத்துக்கு முன்னரே எமக்கு மார்க்கம் இருக்கிறது. குறையை மறைத்து விற்பது தடுக்கப்பட்டது. மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பிக்ஹு நூல்கள் இதனைக் கியாருல் ஐப் என்கின்றன. நான் குறையை அறிந்து விற்கவில்லை. ஆனால் அறிய வேண்டிய இடத்தில் பார்க்காமல் விட்டேன், பிறகு அவர் மீதே பழியைப் போட்டேன்.

அந்தத் தம்பியின் வீடு தேடிப் போனேன். புதுக் கிராங்க் போட்டு, ஐந்து நாள் கூலியையும் கொடுத்தேன். முதலில் மறுத்தார், பின்னர் வாங்கிக்கொண்டார். மனைவியின் காதணியை அடகு வைத்து அந்தச் சைக்கிளை வாங்கியதாக அப்போதுதான் சொன்னார். இன்றும் வீதியில் கண்டால் சிரிப்பார். ஆனால் எனது கடைக்கு வருவதில்லை. டியூப் வாங்குவதும் வேறு கடையில்தான்.

கிராங்க் மாற்றலாம், கூலியும் கொடுக்கலாம். "நீங்க ஓடின விதம் சரியில்ல" என்று சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க எந்த ஸ்பனரும் என்னிடம் இல்லை. நீங்கள் அதனைச் சொல்வதற்கு முன் ஒருமுறை குனிந்து சைக்கிளைப் பாருங்கள்.