கடையும் முதலும்: பினாங்குச் சந்தையில் கற்றவை

பினாங்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வயிற்றை நம்பித்தான் போகிறார்கள். நானும் அப்படியே. குளுவாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு, இருபத்திரண்டு வயதுவரை அத்தீவு நாள்காட்டிப் படமாக மட்டுமே இருந்தது. கடந்த பருவ விடுமுறையில் விடுதித் தோழி ஒருத்தியுடன் கோலாலம்பூரில் இரயிலேறிப் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து பெரியில் அக்கரை சேர்ந்தேன். (படங்களில் பார்த்த பழைய இரட்டைத்தட்டுப் பெரி இப்போது இல்லை, 2023-இல் விடப்பட்ட புதியவைதாம் ஓடுகின்றன.) இரண்டு நாள்; கையில் இருநூறு ரிங்கிட். தெருவுணவைப் பற்றியும் பழம்பொருள் சந்தையைப் பற்றியும் அங்குக் கற்றதை, இனிப் போகவிருக்கும் நண்பர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். இடையில் தமிழ் வந்து குறுக்கிட்டது நான் திட்டமிட்டதன்று.

முதலில் நாசி கண்டார். ‘கண்டார்’ என்பது தோளில் சுமை தூக்கும் கம்பைக் குறிக்கும் மலாய்ச் சொல். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கம்பின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிகளையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகவும் துறைமுகத் தொழிலாளர்களிடமும் விற்றதால் வந்த பெயர். நம் காவடியின் அமைப்புத்தான். இன்று கம்பு போய்விட்டது. கேம்பல் தெருவில் 1907-இல் தொடங்கிய ஹமீடியா போன்ற கடைகளில் நாம்தான் வரிசையில் நிற்கிறோம். சோறு தட்டில் விழுந்ததும் ‘பஞ்சிர்’ என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று பொருள். நான்கைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். ஒரே குழம்பு போதும் என்பவர் பாதி ருசியை விட்டுவிட்டார் என்பது என் கருத்து. ஆனால் இறாலையோ மீன் தலையையோ நோக்கிக் கைநீட்டும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள். பெரிய இறால் ஒன்று என் முதல்நாள் கணக்கைக் கவிழ்த்துவிட்டது.

சார் குவே தியாவ் கடையில் பார்க்கவேண்டியது பெயர்ப்பலகையை அன்று, வாணலியை. ஒருமுறைக்கு ஒரு தட்டு மட்டும் வறுக்கிறவரிடம் நில்லுங்கள். ஐந்தாறு தட்டுக்குச் சேர்த்துக் கிளறினால் நெருப்பின் மணம் ஏறாது. பல கடைகளில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். அதனால் மலாய்க்காரத் தோழியும் நானும் ஹலால் கடையொன்றைத் தேடிப் பிடித்தோம். ஆயர் ஈத்தாமில் குடித்த அசாம் லக்சாவைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. கெம்போங் மீன், புளி, புதினா, அன்னாசி, மேலே ஒரு கரண்டி கறுத்த இறால் விழுது. கொளுத்தும் வெயிலில் அதைக் குடித்து வியர்த்தால்தான் பினாங்கு. பர்மா சாலையில் சீனர் ஒருவர் சின்னச் சட்டிகளை வரிசையாக வைத்து வாழைப்பழமும் சோளமும் போட்டு ஏதோ சுட்டுக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டோம். ‘அப்போம்’ என்றார். நம் அப்பம்! அவருக்கு அது அவருடைய சொல். விற்கிறவருக்கே உரிமை என்று நானும் வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

மறுநாள் காலை லோரோங் கூலிட். நகர விளையாட்டரங்கத்தை ஒட்டிய இச்சந்தை முன்பு பிந்தால் தாலி சாலையில் நடந்து, பிறகு இங்கு இடம்பெயர்ந்தது. விடிந்தவுடன் போய்விட வேண்டும். பொழுது ஏறினால் கடையைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். தார்ப்பாயின் மேல் இன்னதென்று இல்லாமல் எல்லாம் கிடக்கும்: நின்றுபோன கைக்கடிகாரங்கள், ஒற்றைக் காலணி, மங்குத் தூக்குச்சட்டி, இசைத்தட்டுகள், ஜப்பானியர் காலத்து வாழைமரக் காசு. வாழைமரக் காசில் போலியும் உண்டாம். புதியவர்கள் வாங்காமல் பார்த்துவிட்டு நகர்வது நலம்.

உணவுக் கடையில் யாரும் பேரம் பேசுவதில்லை. இங்கே பேசாவிட்டால் விற்பவருக்கே பொழுது போகாது. ஒரு மலாய்ப் பெரியவரின் விரிப்பில் பித்தளைச் செம்பு ஒன்று பாசி பிடித்தாற்போல் கிடந்தது. அறுபது ரிங்கிட் என்றார்.

“நாற்பதுக்குத் தாருங்கள், பாக்சிக்.”

“மோடல் பூன் தா லெப்பாஸ், டேக்!”

போட்ட முதல்கூடத் தேறாது தங்கச்சி என்கிறார். எத்தனையோ முறை கேட்ட மலாய் வாக்கியம். அன்றுதான் காதில் தைத்தது. ‘முதலுக்கே மோசம்’ என்று குளுவாங்கில் என் மாமா சொல்வதும் அதே சொல்தானே! உயிரெழுத்துகளுக்கு இடையில் வரும் தகரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். எழுத்தில் நாம் காட்டாத அம்மெலிவை ரூமி எழுத்து காட்டிவிட்டது; முன்னிருந்த உகரமும் ஓகாரமாக நழுவ, ‘முதல்’ ‘மோடல்’ ஆயிற்று. கடை ‘கெடாய்’ ஆனது, பெட்டி ‘பெத்தி’ ஆனது, கட்டில் ‘காத்தில்’ ஆனது. கூலி மாறவே இல்லை. வாங்கவும் விற்கவும் சுமக்கவும் வந்தவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் வாங்கல், விற்றல், சுமத்தல் பற்றியே இருப்பதில் வியப்பில்லை. ஆனால் கண்ணில் படுவதையெல்லாம் தமிழ் என்று கொண்டாடிவிடக் கூடாது. பக்கத்து விரிப்பில் சாய்த்து வைத்திருந்த அலமாரியை மலாய்க்காரரும் ‘அல்மாரி’ என்றுதான் சொல்கிறார். அச்சொல்லை இருவருக்கும் தந்தவர்கள் போர்த்துகீசியர்.

இந்த ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோதே செம்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய கோடுகள். பாக்சிக் எட்டிப் பார்த்து, “சியாம் எழுத்தா?” என்றார். தோழியும் என்னையே பார்த்தாள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தேன். அதன்பின் போன தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பே கிடையாது. வெளியே சனிக்கிழமை காலைகளில் படித்துத்தான் எஸ்.பி.எம்.மில் தமிழ் எழுதினேன். “அதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?” என்று கேட்ட உறவினர்களுக்கு அன்று பதில் வரவில்லை. இப்போது கட்டைவிரலால் அழுக்கைத் தேய்த்துவிட்டு வாய்விட்டுப் படித்தேன்: “சு. மீ. – 1961.”

சீர் கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வழக்கம் என்று பாக்சிக்கிடம் விளக்கினேன். ஒரு பெண் மணமாகிப் போனபோது கொண்டுபோன செம்பாக இருக்கலாம். வீடு காலி செய்தார்களோ, அவரே போய்விட்டாரோ, பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லையோ! பாக்சிக் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார். பிறகு செம்பை என் கையிலிருந்து வாங்கி, அடியைத் தம் சட்டையில் துடைத்து, “அப்படியானால் இது பழம்பொருள். எண்பது” என்றார்.

நண்பர்களே, விலை முடியும் முன் சந்தையில் எதையும் படித்துக் காட்டாதீர்கள்.

எழுபத்தைந்துக்கு முடிந்தது. மதியச் சாப்பாடு இருவருக்கும் ரொட்டி சானாயோடு நின்றது. குளுவாங்கில் அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கினார். சுற்றிலும் அழுத்தித் தேய்த்தவர் அடியைத் திருப்பியதும் கையை எடுத்துவிட்டார். “எந்த வீட்டுப் பிள்ளையோ” என்று சொல்லித் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவினார். செம்பு இப்போது எங்கள் சாமி மேடையில் இருக்கிறது.