கடிவாளம் பிடிக்கும் கை

நெடுந்தீவோடு உறவுள்ள தெஹிவளைக் குடும்பங்களுக்கு மட்டக்குதிரை புதிதல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் சந்ததி அங்கே இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றது. அப்படியொரு முரட்டுக் குதிரையைச் சிறுமி ஒருத்தி பழக்குவது எப்படி?

யாக்கோபின் திருமுகம் (3:3) குதிரையின் வாயிலிடும் கடிவாளத்தைச் சொல்கிறது. இழுத்துப் பிடித்தால் எல்லாம் அடங்கும் என்று அதற்குப் பொருள்கொள்ளும் பெற்றோர் உளர். குதிரை பழக்குவோர் அறிந்தது வேறு. குதிரை அஞ்சி ஓடும் பிராணி. அது முரண்டு பிடிப்பது பெரும்பாலும் பயத்தினால். நேர் பின்னே நிற்பவரை அதனால் காண முடியாது. ஆகவே திடுக்கிட்டு உதைக்கும். சிறுமி தோள்பக்கமாக, பேசிக்கொண்டே கிட்டப் போகவேண்டும். வாரை மெல்ல இழுத்து, அது ஓரடி இணங்கியதும் உடனே தளர்த்த வேண்டும். அந்தத் தளர்த்தலில்தான் அது பாடம் கற்கிறது. பிள்ளை சொற்கேட்ட பின்னும் நாம் ஏசிக்கொண்டே இருக்கிறோமே, அது தளர்த்தாத வார்!

இங்கிலாந்தின் மரியன் கோக்ஸ் சிறுவயதில் பெற்ற மட்டக்குதிரை ‘ஸ்ட்ரோலர்’. அவள் வளர்ந்ததும் அதை விற்க எண்ணினார் தந்தை, மகள் விடவில்லை. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில், நெடிய குதிரைகளின் நடுவே தடைதாண்டி, இருவரும் வெள்ளிப் பதக்கம் வென்றனர்.