பசை கேட்ட தம்பிக்கு



பி.வி.சி. குழாயில் தூண்டிற்கோல் தாங்கி செய்து, அதைக் கயாக்கின் முதுகில் அசையாமல் பதிக்க எந்தப் பசை உத்தமம் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் உத்தமமன்று, பதிக்க வேண்டும் என்ற சங்கற்பமே பிசகு.

குழாய்க்கடையில் ‘சொல்யூஷன்’ என்று தருவது வாஸ்தவத்தில் பசையே அன்று, பி.வி.சி.யின் மேற்பரப்பைக் கரைத்து, இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போகும் திரவம் அது. உன் படகோ பாலிஎதிலீன். அத்திரவத்துக்கு அது கரையாது, மற்றப் பசைகளும் அதில் நிலைப்பது அரிது. துளையிட்டு முடுக்குவேன் என்பாயானால், ஒவ்வொரு துளையும் தண்ணீர் புக நீயே திறந்த வாசல்.

இவ்விஷயத்தில் நமக்கு ஆசான்கள் கயாக்கைப் படைத்த வடதுருவப் பகுதி இனூயிட் மக்களே. 1888-இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்த நார்வேக்காரர் நான்சென், ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் அக்குளிர்காலம் முழுவதும் அவர்களோடு தங்கிக் கயாக் ஓட்டக் கற்று, பின்னர் ‘எஸ்கிமோ வாழ்க்கை’ என்றொரு நூலும் எழுதினார். தூக்கம் வராத இரவுகளில் நான் புரட்டுகிற புத்தகம் அது. அவர்களுடைய கயாக்கில், வேடன் அமரும் குழிக்கு முன்னும் பின்னும் தோல் வார்கள் குறுக்கே ஓடும். எறியீட்டி முதலிய ஆயுதங்கள் அவற்றில் செருகப்பட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். முன்னால் ஒரு சிறு பீடம். அதன்மேல் ஈட்டிக் கயிறு சுருளாக இருக்கும். அக்கயிற்றின் மறுமுனை படகில் கட்டப்படுவதில்லை; வேடனுக்குப் பின்னால் கிடக்கும் காற்றடைத்த தோற்பையிலேயே கட்டப்படும். குத்துண்ட சீல் ஆழத்தில் மூழ்குகையில் கயிறும் பையும் தாமாகவே படகைவிட்டு ஓடிவிடும். படகில் முடிந்திருந்தால் வேடனும் கூடவே போகவேண்டியதுதான். பிடிப்பும் வேண்டும், விடுதலையும் வேண்டும் என்னும் இந்தத் தத்துவத்தை அறியாமல் பசை தேடுவதா?

ஆகவே, இருக்கைக்குப் பின்னுள்ள பள்ளத்தில் ஒரு பால் கிரேட்டை வைத்து, ரப்பர்க் கயிற்றால் கொக்கியிட்டுக் கட்டு. ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டுகளைக் கேபிள் டையினால் அதன் பக்கங்களில் இறுக்கு. குழாயின் மேல்விளிம்பில் ரீலின் கால் இறங்கி அமருமளவு ஒரு காடி வெட்டு; காடியின்றேல் கோல் சுழன்றுகொண்டேயிருக்கும். விளிம்பை அரத்தால் ராவாமல் விடாதே. ஃபுளோரிடாவின் கண்டல் கழிகளில் செல்பவனாதலால், கோல்களைச் செங்குத்தாக நிறுத்தாமல் பின்பக்கம் சாய்த்து வை, கிளைகளில் மாட்டாது. ஆனால், எடுப்பதற்கு இடுப்பை முழுவதும் முறுக்கவேண்டிய தூரத்தில் வைத்தாயோ, மீன் அகப்படும் முன்னே நீ கவிழ்வாய்.

பி.வி.சி. தண்ணீரைவிடச் சுமார் 1.4 மடங்கு அடர்த்தியுள்ளது. குழாய்தானே, மிதக்கும் என்று எண்ணாதே. முதல் நாள் இடுப்பளவு நீரில், விலையுயர்ந்த கோல்களைக் கரையில் விட்டு, படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பார். எது கழன்று அடியில் போகிறதோ, அதற்கு முதலில் ஒரு கயிறு கட்டு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் ஆசிரியன்