கணினி அறிவோம்: குழு வேலைக்கு எந்தப் பதிவேடு?



ஒரு புராஜெக்டை ஐந்து பேர் சேர்ந்து எழுதினால் என்ன ஆகும்? ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி அடிப்பாள். கடைசியில் நல்லா இருந்த பக்கமும் போச்சு, அதிகமா உழைச்சவள் பேரும் போச்சு! சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கும் இதே தொல்லைதான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்துதான் 'வெர்ஷன் கண்ட்ரோல்'.

அது என்ன செய்யும்?

யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்று ஒவ்வொன்றையும் பதிந்து வைக்கும். தப்பு வந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இதில் இரண்டு வகை உண்டு.

1) மைய வகை (உதாரணம்: சப்வெர்ஷன்): முழு வரலாறும் ஒரே சர்வரில் இருக்கும். ஆபீஸ் ரூமில் இருக்கும் ஒரே ரிஜிஸ்டர் மாதிரி. கற்பது சுலபம். ஒரு படத்தை ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாமல் பூட்டும் போடலாம். ஆனால் சர்வர் கிடைக்கவில்லை என்றால் எதையும் பதிய முடியாது.

2) பரவல் வகை (உதாரணம்: கிட், மெர்க்கூரியல்): ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழு வரலாறும் இருக்கும். எங்க பெரியம்மா பொண்ணு தாம்பரம் மெப்ஸில் வேலை பார்க்கிறாங்க. கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வரும்போது நெட் இல்லாமலே கிட்டில் பதிஞ்சிட்டு, ஆபீஸ் போனதும் எல்லாருடைய வேலையோடும் சேர்த்துடுவாங்களாம். ஆனால் இதைக் கற்க நாள் பிடிக்கும். பெரிய வீடியோக்களைப் போட்டால் எல்லாருடைய நகலும் கனத்துப் போகும்.

நம்ம ஊர் சொல்லும் பாடம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சர்டிபிகேட்டை இழந்தவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்க அரசு முகாம் நடத்தியது. எப்படிக் கொடுக்க முடிந்தது? அதன் பதிவு வேறு இடத்திலும் இருந்ததால்தான்! ஒரே சர்வர், அதற்கு வேறு நகலும் இல்லை, அதுவும் தண்ணீரில் மூழ்கினால்? பல வருஷ உழைப்பு போயே போச்சு. பரவல் வகையிலும் எல்லா கம்ப்யூட்டரும் ஒரே தெருவில் இருந்தால் ஆபத்துதான். ஒரு நகலாவது வெளியூரில் இருக்கணும்.

இலவசம் என்றால் நிரந்தரமா?

லினக்ஸ் குழுவினர் 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அது ஒரு கம்பெனிக்குச் சொந்தம். இவர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது. 2005-ல் ஒரு தகராறு வந்து, கம்பெனி அந்த இலவச அனுமதியை நிறுத்திவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. அந்த ஏப்ரல் மாதமே 'கிட்' எழுதத் தொடங்கினார். ஜூன் மாதம் வந்த லினக்ஸ் பதிப்பே கிட்டில் உருவானதுதான்! கிட் கட்டற்ற மென்பொருள். யாரும் நம்மிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

தேர்வை மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். பிளஸ் டூ அக்காக்கள் படிக்கும் பைத்தான் மொழியை உருவாக்கும் குழு, சப்வெர்ஷனை விட்டு மாற 2009-ல் மெர்க்கூரியலைத் தேர்ந்தெடுத்தது. 2017-ல் கிட்டுக்கு மாறியது. பழைய வரலாற்றையும் கூடவே கொண்டுபோனார்கள்.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

* நம் குழுவில் எல்லாருக்கும் இது புரியுமா?
* நெட் இல்லாதபோதும் வேலை செய்யணுமா?
* எழுத்து அதிகமா, படங்கள் அதிகமா?
* இன்னொரு நகல் எங்கே இருக்கு?
* நாளைக்கு யாராவது 'கொடுக்க மாட்டேன்' என்றால் என்ன செய்வோம்?

பெரிய கம்பெனி வைத்திருக்கிறது என்பதற்காக எதையும் எடுக்க வேண்டாம். இந்த ஐந்துக்கும் பதில் சொல்லி எடுப்போம்.

கம்ப்யூட்டர் இல்லாமலும் இதைப் பழகலாம். அடுத்த குழு வேலையில் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, பெயர், செய்த மாற்றம், காரணம் நான்கையும் எழுதுங்கள். யாருடைய உழைப்பும் காணாமல் போகாது!


ஒன்பதாம் வகுப்பு மாணவி