பட்ட தென்னை நின்ற குழியில் மறுநடவு

தென்னை பட்டுப்போனால் அடிமரத்தை அறுத்து விற்றுவிட்டு, அதே குழியில் மறுகன்று வைத்துவிடுவது நம் குடியானவர் பலருக்கு வழக்கம். குழி தோண்டும் கூலி மிச்சமென்பது அவர்கள் கணக்கு. அது பொய்த்துப்போவது பத்தாண்டுகளுக்குப் பின்னரே தெரிய வருகிறது.

இமாசலப் பிரதேசத்துப் பழைய ஆப்பிள் தோட்டங்களில், முதிர்ந்த மரத்தைக் களைந்த இடத்தில் நட்ட கன்று வளர்ச்சி குன்றி நிற்பதுண்டு. மண்ணில் எஞ்சிய பூசணங்களும் நூற்புழுக்களும் இளவேரைக் கெடுப்பதே முக்கிய காரணம். அங்கே தீங்கு விரைவில் வெளிப்படும். தென்னையோ ஏமாற்றும். கன்று செழிக்கும், பாளை விடும், காய்க்கவும் தொடங்கும். பிறகே அடி அழுகும்.

இவ்வியாதிக்கு அடித்தண்டழுகல் என்று பெயர். 1952ஆம் வருஷத்துப் புயலுக்குப் பின் தஞ்சாவூர் ஜில்லாவில் கடுமையாகக் கண்டபடியால் தஞ்சாவூர் வாடல் என்றும் வழங்கும். கானோடெர்மா என்னும் பூசணமே இதற்கு மூலம். பெரும்பாலும் 10 முதல் 30 வயதுள்ள மரங்களையே பற்றும். அடிமட்டைகள் மஞ்சளித்துத் தொங்கும். அடிமரத்தில் செம்பழுப்பான சாறு கசியும். மழைக்காலத்தில் தூரில் காளான் முளைப்பதுமுண்டு. மரம் செத்த பின்னும் பூசணம் சாவதில்லை. தூரிலும் வேர்த்துண்டுகளிலும் அடுத்த கன்றுக்காகக் காத்திருக்கும்.

ஆகையால் தூரையும் வேரையும் அகழ்ந்தெடுத்துச் சுட்டெரித்தல் வேண்டும். கூலி இங்கேதான் செலவாகும். இதில் சிக்கனம் கூடாது. புதுக்கன்றைப் பழைய குழியினின்று விலகி, 3 அடி நீள அகல ஆழமுள்ள புதுக்குழியில் வைப்பது நலம். வளர்ந்த மரத்துக்கு வருஷந்தோறும் தொழு உரம் 50 கிலோவும் வேப்பம்பிண்ணாக்கு 5 கிலோவும், டிரைக்கோடெர்மா என்னும் நற்பூசணம் கலந்து இடுக. ஊடே வாழை வைத்தால் நோய் தணியும்.

நோய் கண்ட மரத்தைச் சுற்றி, 5 அடி தள்ளி, 3 அடி ஆழத்தில் அகழி வெட்டுக. மயில்துத்தம் 400 கிராம், சுண்ணாம்பு 400 கிராம், தண்ணீர் 40 லிட்டர் சேர்த்த போர்டோ கலவையை வேர்ப்பகுதி நனைய ஊற்றுக. இரும்புப் பாத்திரத்தில் கலக்கலாகாது. இக்கலவையையும் டிரைக்கோடெர்மாவையும் ஒருங்கே இடலாகாது.

ஒருவர் இவ்வளவும் செய்தும், அண்டைத் தோப்பில் நோயுற்ற மரத்தடியை நனைத்த நீர் வரப்புத் தாண்டி வந்தால் பயனில்லை. மரத்துக்கு மரம் தனிப்பாத்தி கட்டிப் பாய்ச்சுவதே தக்கது. உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலுள்ள முதற் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுச் சாசனம், ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் கூறுகிறது. தோட்டம் அக்காலத்தில் ஊராரின் பொதுக்கவலையாகவும் இருந்தது. ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோர் ஐப்பசி மழைக்கு முன்னர் ஒருங்கே தோப்புகளைச் சுற்றி வந்து, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் சாறு கசிகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வாராக.